ஒரு நாள் முன்னதாகப் பெய்த அறை

டிசம்பர் நான்காம் தேதி பிற்பகல் இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு, வானிலை அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், கிழக்குச் சுவரோரம் இருந்த இரும்பு அலமாரியின் மேல் பனி பெய்யத் தொடங்கியது. நாற்பது நிமிடம் பெய்தது. வெளியே பளிச்சென்று வெயில். கூரையில் ஓட்டை எதுவும் இல்லை. அந்த அறைக்கு மேலே இன்னொரு மாடி இருந்தது. அங்கே நில அளவைக்காரர்கள் குனிந்த தலை நிமிராமல் வரைபடம் வரைந்துகொண்டிருந்தார்கள், அவர்கள் மேல் ஒரு துளி விழவில்லை. கீழே அறையில் தனியாக இருந்த வானிலை அதிகாரி முதலில் மேசை மேலிருந்த தாள்களை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு எவ்வளவு பெய்கிறது என்று பார்த்தார். அது அவருடைய வேலை. பெய்து ஓய்ந்ததும் ஸ்கேலை அலமாரி மேல் நட்டு அளந்தார். மூன்றரை சென்டிமீட்டர் இருந்தது. மறுநாள் பிற்பகல் இரண்டு ஐந்துக்கு மலைக் கணவாயில் பனி பெய்யத் தொடங்கி, நாற்பது நிமிடம் பெய்து, மூன்றரை சென்டிமீட்டரில் நின்றது.

அவருக்கு அப்போது வயது ஐம்பத்தொன்று. ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'வெயில்' என்பார்கள், மரியாதை தெரிந்தவர்கள் 'வெயில் சார்' என்பார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது அவர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடக் குளிர்காலத்தில். அந்தப் பகுதியில் மலை நேராகக் கடலுக்குள் இறங்குவதுபோல் இருக்கும். துறைமுகத்தில் பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் கணவாய், அதைத் தாண்டினால் மலை ஊர். இந்த ஒன்றரை மணி நேரத் தூரத்துக்குள் காற்று ஒரே நாளில் ஐந்து தடவை மனசு மாறும். கடலிலிருந்து ஈரத்தைத் தூக்கிக்கொண்டு போய் மலையில் கொட்டுமா, பாதி வழியில் பள்ளத்தாக்கிலேயே போட்டுவிட்டுத் திரும்புமா என்பது அந்தக் காற்றுக்கே தெரியாது. அப்படிப்பட்ட ஒரு ஜனவரி மாலையில் அவர் ரேடியோவில், நாளை மலையிலும் கரையிலும் நல்ல வெயில் அடிக்கும் என்று சொன்னார். நிறைமாதமாக இருந்த அவர் மனைவி, புருஷன் பேச்சை நம்பி, மலை ஊரில் இருந்த அம்மா வீட்டுக்குப் பிரசவத்துக்காக மறுநாள் காலை பஸ் ஏறினாள். மூன்றாவது வளைவில் பனி மூடி பஸ் பதினோரு மணி நேரம் நின்றது. மகள் பிறந்தது அந்த பஸ்ஸின் கடைசி சீட்டில். கண்டக்டர்தான் பிரசவம் பார்த்தார். குழந்தைக்கு அவர் டிக்கெட் கிழிக்கவில்லை என்பது ஊரில் வெகு காலம் பேசப்பட்ட பெருந்தன்மை.

அதற்கப்புறம் இருபத்துநான்கு குளிர்காலங்கள் போயின. அவர் நேர்மையானவர், உழைப்பாளி, விடிந்ததும் அலுவலகம் போய்விடுவார். காற்றழுத்தம் பார்ப்பார், தலைமை அலுவலகத்துக் கணினி அனுப்பும் படங்களை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்ப்பார், யோசித்து யோசித்து எழுதுவார், தப்பாகப் போகும். மீனவர்கள் காலப்போக்கில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் அமைதி என்றால் படகைக் கட்டிப் போட்டார்கள், புயல் என்றால் வலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். இதனால் பல உயிர்கள் பிழைத்தன. வீட்டில் அவர் மனைவி அவரை ஒரு நாளும் குத்திக்காட்டியதில்லை. அவள் செய்தது அதைவிடப் பெரிய தண்டனை: அவரிடம் ஒன்றுமே கேட்கவில்லை. காலையில் தானே ஜன்னலைத் திறந்து, தானே மேலே பார்த்து, தானே முடிவெடுத்துத் துணி உலர்த்தினாள். இருபத்துநான்கு வருடமாக அந்த வீட்டில் யாரும் அவரைப் பார்த்து நாளைக்கு மழை வருமா என்று கேட்டதில்லை.

அறை இப்படிப் பெய்ய ஆரம்பித்ததும் அவர் வாயைத் திறக்கவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து கவனித்தார். மேற்கே ஜன்னலுக்கடியில் இருந்த வாஷ்பேசின்தான் கடல் என்பது இரண்டாம் நாளே பிடிபட்டது. குழாயை மூடிய பிறகும் அதில் தண்ணீர் ஏறி இறங்கியது, உப்புக் கரித்தது. நடுவில் ஹீட்டர் இருந்த இடம் பள்ளத்தாக்கு. அங்கே காலை வேளைகளில் முழங்கால் அளவுக்கு மூடுபனி படுத்துக் கிடக்கும். கிழக்கே இரும்பு அலமாரி மலை. அலமாரியின் பக்கவாட்டில் அவர் சாக்பீஸால் கணவாய்ச் சாலையை வரைந்தார், வளைவுகளுக்கு எண் போட்டார். வாஷ்பேசினிலிருந்து அலமாரிக்குப் பன்னிரண்டு அடி. இந்தப் பன்னிரண்டு அடிக்குள், மறுநாள் அந்தப் பகுதி முழுவதும் என்ன நடக்குமோ அது சரியாக இருபத்துநான்கு மணி நேரம் முன்னால் நடந்தது. அவர் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஒரு கையில் குடையும் ஒரு கையில் நோட்டுமாக நடந்து நடந்து எழுதிக்கொண்டார்.

முதலில் இதைத் தெரிந்துகொண்டவள் துப்புரவு வேலை செய்த அம்மாள். பத்தொன்பது வருடமாக அந்தக் கட்டடத்தைக் கூட்டித் துடைத்தவள். ஒரு காலை கதவைத் திறந்தாள். உள்ளே ஆலங்கட்டி உருண்டுகொண்டிருந்தது. அதிகாரி குடைக்குள் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மற்ற அறைகளை முதலில் முடித்துவிட்டு வருவதாகவும், நிற்கும்போது ஒரு குரல் கொடுக்கும்படியும் சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அந்த அறைக்கென்று தனியாக இரண்டு வாளி ஒதுக்கினாள். அலமாரி உச்சி மட்டும் அவளுக்கு எட்டாது. அதனால் ஜனவரியில் பெய்ததெல்லாம் உருகாமல் அங்கேயே ஒரு முழ உயரத்துக்குச் சேர்ந்து நின்றது.

அந்த ஒரு வாரத்துக்குப் பிறகு டிசம்பர் முழுவதும் ரேடியோவில் அவர் சொன்னது சொன்னபடி நடந்தது. நிமிடம் உட்பட நடந்தது. ஊருக்கு இது சந்தோஷம் தரவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். மீனவர்கள் கூட்டமாக அலுவலகத்துக்கு வந்து முறையிட்டார்கள்: இத்தனை வருடமும் அவரை நம்பித்தான் தொழில் செய்ததாகவும், இப்போது முன்னறிவிப்பு ஒன்றும் கொடுக்காமல் மாற்றிக்கொண்டது நியாயமில்லை என்றும் சொன்னார்கள். இரண்டு தடவை புயல் என்று அவர் சொல்லி, அவர்கள் வழக்கம்போல் கிளம்பி, வலையைப் பறிகொடுத்துத் திரும்பியிருந்தார்கள். அவர் மன்னிப்புக் கேட்டார். மற்றவர்கள் இதைக் குருட்டாம்போக்கு என்றார்கள். இவ்வளவு நாள் தப்பாகவே சொன்னவருக்கு ஒரு மாதம் சரியாக வருவது இயற்கைதான், ஜனவரியில் பழையபடி ஆகிவிடுவார் என்று சலூனில் பேசிக்கொண்டார்கள்.

அந்த ஜனவரியின் கடைசிச் சனிக்கிழமை அவர் மகளுக்குக் கல்யாணம். பஸ்ஸில் பிறந்தவள் இப்போது துறைமுகத்தில் படகு இன்ஜின் பழுது பார்ப்பவள். பெரிய படகையும் தனியாக ஓட்டுவாள். மாப்பிள்ளை மலை ஊரில் ரொட்டி சுடுபவன். கோடையில் அவனுடைய ரொட்டி வேனின் இன்ஜின் துறைமுகச் சாலையில் நின்றுபோனது, இவள் போய் சரி செய்தாள், அதற்குப் பிறகு அது வாரா வாரம் அதே இடத்தில் வந்து நிற்க ஆரம்பித்தது. மாப்பிள்ளை வீட்டார் முப்பத்திரண்டு பேர். சனிக்கிழமை காலையில் இரண்டு ரொட்டி வேன்களில் கணவாய் வழியாக இறங்கி, மதியம் பதிவு அலுவலகத்துக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் அறைக் கதவைத் திறந்தபோது உள்ளே நல்ல வெயில் அடித்தது. அலமாரியிலிருந்து மூன்று ஃபைல்கள் கீழே கிடந்தன, அவற்றின் மேல் கொஞ்சம் பனி. அவர் அவற்றை எடுத்து வைத்தார், இன்னும் இரண்டு விழுந்தன. வெதுவெதுப்பான காற்று ஒன்று ஹீட்டர் பக்கமிருந்து அலமாரியின் உச்சியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பத்து மணிக்குமேல் ஃபைல்கள் ஒவ்வொன்றாகச் சரிந்துகொண்டே இருந்தன. பதினொன்று இருபதுக்கு, உச்சியில் ஒரு மாதமாகச் சேர்ந்திருந்த பனி முழுவதும் ஒரே மூச்சில் பிடியை விட்டு, இரண்டு தட்டு ஃபைல்களையும் இழுத்துக்கொண்டு, சாக்பீஸில் மூன்று என்று எழுதியிருந்த வளைவின் மேல் விழுந்து, அவருடைய நாற்காலியை மூடியது. அவர் அப்போது அதில் இல்லை. வாஷ்பேசின் பக்கம் நின்று அலையை அளந்துகொண்டிருந்தார்.

அவர் செய்த முதல் காரியம் சாலைப் பொறியாளருக்குப் போன் செய்தது. பொறியாளர் வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அவர் வந்து பார்த்தபோது அறை துடைத்து வைத்ததுபோல் இருந்தது, உண்மையிலேயே துடைத்துத்தான் வைத்திருந்தார்கள். தரை காய்ந்து பினாயில் வாசனை அடித்தது. ஃபைல்கள் எண் வரிசையில் அடுக்கப்பட்டிருந்தன. வானிலை அதிகாரி கீழே போய்ப் பொறியாளருக்காக வாசலில் காத்திருந்த நேரத்தில் துப்புரவு அம்மாள் தன் கடமையைச் செய்து முடித்திருந்தாள்.

"சார், உங்களை எனக்கு இருபது வருஷமாத் தெரியும்," என்றார் பொறியாளர். "நல்ல மனுஷன். ஆனா நாளைக்குச் சந்தை நாள். கம்ப்யூட்டர் வானம் தெளிவுன்னு சொல்லுது. எதை வச்சு ரோட்டை மூடச் சொல்றீங்க?"

"இங்க விழுந்துச்சு," என்று அவர் தரையைக் காட்டினார்.

பொறியாளர் தரையைப் பார்த்தார். வாசலில் நின்ற துப்புரவு அம்மாள் தொண்டையைச் செருமினாள்.

"நாலு வாளி சார். நான்தான் அள்ளி பேசின்ல கொட்டினேன். கேட்டுட்டு அள்ளியிருக்கணும், தப்புதான்."

அவள் கைகள் இரண்டும் குளிரில் கன்றிச் சிவந்திருந்தன. அந்தக் கட்டடத்தில் அவள் பொய் சொல்லிக் கேட்டவர் யாரும் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் அங்கே வந்திருந்த பொறியாளரின் மோதிரம் கழிவுக் குழாயில் போனபோது, அரை நாள் தேடி எடுத்துத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தவள் அவள். பொறியாளர் அவள் கையைப் பார்த்தார், சாக்பீஸ் கோட்டைப் பார்த்தார், பேனாவை எடுத்தார். இதை ஃபைலில் எப்படி எழுதுவது என்று கேட்டார். பனிச்சரிவு அபாயம் என்று எழுதினால் போதும், எந்த இடத்தில் பார்த்தது என்று எழுத வேண்டாம் என்று இவர் சொன்னார். சனிக்கிழமை காலை ஆறு மணி முதல் கணவாய்ச் சாலை மூடப்படும் என்ற அறிவிப்பு மாலைச் செய்தியில் வந்தது. செய்தி வாசித்தவரே அதைப் படிக்கும்போது லேசாகச் சிரித்துவிட்டார்.

மாலை ஆறு மணிக்கு அவர் வீட்டுக்குப் போனார். மனைவி மகளின் கல்யாண உடுப்புக்குக் கடைசிப் பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தாள். ரேடியோவில் கேட்டுவிட்டாள் என்பது ஊசி போகிற வேகத்திலேயே தெரிந்தது. இன்று மாலையே மாப்பிள்ளை வீட்டாரை வரச் சொல்லலாமென்றால் வேன்கள் இரண்டும் ரொட்டி போடப் போயிருந்தன, பொழுது சாய்ந்தால் கணவாயில் வண்டி விடமாட்டார்கள். அவர் எல்லாவற்றையும் சொன்னார், அறையைப் பற்றியும் சொன்னார். அவள் பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள்.

"என்னங்க, இவ பொறந்தப்ப வெயில்னு சொன்னீங்க, பனி வந்துச்சு. இவ கல்யாணத்துக்குப் பனிங்கிறீங்க. அந்த ஜன்னலைத் திறந்து பாருங்க, நட்சத்திரம் கொட்டிக் கிடக்கு."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை கூடத் தப்பில்லை. சமையலறையில் கையிலிருந்த கிரீஸைக் கழுவிக்கொண்டிருந்த மகள் துண்டோடு வெளியே வந்தாள். அப்பாவையும் அம்மாவையும் பார்த்தாள். மலைக்குப் பின்பக்கமாக இன்னொரு சாலை இறங்குகிறது. சுற்று வழி, ஆனால் அந்தப் பக்கம் பனி நிற்பதில்லை. அது வடக்கே ஒரு சின்னத் துறையில் போய் முடியும். அங்கிருந்து இங்கே வர படகில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

"வடக்குத் துறைல இருந்து நானே கூட்டிட்டு வர்றேன்," என்றாள். "கடல் எத்தனை மணிக்கு அடங்கும்பா?"

அந்த வீட்டில் அப்படி ஒரு கேள்வி அவர் காதில் விழுந்து வெகு காலம் ஆகியிருந்தது. அன்று பகல் முழுவதும் வாஷ்பேசினுக்குப் பக்கத்தில் நின்று எழுதிய நோட்டைப் பையிலிருந்து எடுத்தார், எடுக்காமலே அவருக்குத் தெரியும் என்றாலும் எடுத்தார்.

"ஒண்ணு பத்துக்கு அடங்கும். அஞ்சு இருபதுக்கு மறுபடி எழும்பும். அஞ்சு இருபதுக்கு எழும்பினதுல சோப்பு டப்பா உடைஞ்சு போச்சு."

"அப்போ அஞ்சுக்குள்ள வந்துடணும்," என்றாள் மகள், மாப்பிள்ளைக்குப் போன் செய்யப் போனாள். அவன் மாவுக் கையோடு போனை எடுத்திருக்க வேண்டும், இரண்டு தடவை நழுவவிட்டான். விஷயத்தைக் கேட்டு, சரி என்றான். ரொட்டிகளையும் அந்த வழியாகவே கொண்டு வரலாமா என்பதுதான் அவன் கேட்ட ஒரே சந்தேகம்.

சனிக்கிழமை விடிந்தது. அதைப்போல ஒரு வானத்தை அந்தக் குளிர்காலத்தில் யாரும் பார்க்கவில்லை. துளி மேகம் இல்லை. மலை முழுவதும் கழுவி வைத்ததுபோல் மின்னியது. சாலையின் அடிவாரத்தில் தடுப்புக் கட்டைக்கு முன்னால் எட்டு மணிக்கே நாற்பது வண்டிகள் சேர்ந்துவிட்டன. மேலே சந்தைக்குப் போக வேண்டிய மீன், வெங்காயம், கம்பளி, இரண்டு பன்றிகள், ஒரு பியானோ. எல்லோரும் இறங்கி நின்று மேலே பார்த்தார்கள், பிறகு வானிலை அதிகாரியைப் பார்த்தார்கள். அவர் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு தடுப்புக் கட்டைக்குப் பக்கத்தில் பொறியாளரோடு நின்றார். பனி எங்கே, கோட்டுப் பையில் வைத்திருக்கிறாரா என்று ஒருவர் கேட்டார். மகளைக் கட்டிக்கொடுக்க மனசில்லாமல் மாப்பிள்ளையை மலையிலேயே அடைத்துவிட்டார் என்று இன்னொருவர் சொன்னார், அதற்கு நல்ல சிரிப்புக் கிடைத்தது. பியானோக்காரர் வண்டியில் உட்கார்ந்தபடியே ஒரு சோக ராகம் வாசித்தார்.

பதினோரு மணிக்கு அவர் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கல்யாண உடையில் இருந்தாள். வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நம்பி வரலை," என்றாள் மெதுவாக. "தனியா நிக்கிறீங்களேன்னு வந்தேன்."

பதினொன்று இருபது ஆயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. பொறியாளரின் நெற்றியில் வியர்வை பூத்தது, அந்தக் குளிரிலும் பூத்தது. கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். யாரோ தடுப்புக் கட்டையின் கயிற்றை அவிழ்க்கப் போனார்கள். மனைவி தன் கையை அவர் கோட்டுப் பைக்குள் விட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பொறியாளரின் கடிகாரம் இரண்டு நிமிடம் வேகமாக ஓடியது என்பது பின்னால் தெரிந்தது. அந்த இரண்டு நிமிடமும் கழிந்ததும், மேலே உச்சிக்குக் கீழே, வெள்ளைத் துணியில் கோடு கிழித்ததுபோல் நீலமாக ஒரு வரி ஓடியது. அந்த வரிக்குக் கீழே இருந்த சரிவு மொத்தமும் மெல்ல நகர்ந்தது, அப்புறம் மெல்ல இல்லை. சத்தம் பிறகுதான் வந்தது. மூன்றாவது வளைவு இருந்த இடத்திலிருந்து வெண்புகை எழுந்து, நின்று, அடங்கியது. பன்றிகள்கூடச் சத்தம் போடவில்லை. சாலை மேல் இரண்டு ஆள் உயரத்துக்குப் பனி கிடந்தது. அதற்கடியில் ஒரு வண்டியும் இல்லை, ஒரு மனிதனும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மீன் விற்கும் பெண் ஒருத்தி, கூடையில் இருந்ததிலேயே பெரிய மீனைத் தேர்ந்தெடுத்து, தாளில் சுற்றி, அவர் கையில் வைத்தாள். மற்றவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வண்டிகளைத் திருப்பினார்கள். யாரும் சந்தைக்குப் போக முடியாததால் எல்லோரும் துறைமுகத்துக்குப் போனார்கள், கல்யாணம் பார்க்க.

கடல் அன்று காலையிலிருந்து கரையை அறைந்துகொண்டிருந்தது. ஒன்று பத்துக்கு ஓய்ந்தது, பால் ஆறுவதுபோல் அப்படியே படிந்தது. மகள் பெரிய படகை எடுத்தாள். துறைமுக வாயிலில் பனிக்கட்டிகள் நான்கு குவியலாக மிதந்தன. அந்தக் கடலில் யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அவள் அவற்றை வலமாக ஒதுக்கிவிட்டு வடக்கே போனாள். பிற்பாடு இதைக் கேட்டபோது துப்புரவு அம்மாள், பேசினில் கொட்டியதற்குத் தன்னைத்தான் குற்றம் சொல்ல வேண்டும் என்று வருத்தப்பட்டாள். வடக்குத் துறையில் முப்பத்திரண்டு பேரும் ரொட்டிக் கூடைகளும் தயாராக இருந்தார்கள். அவர்களில் கடலைப் பார்த்தவர்கள் பாதிப் பேர், படகில் ஏறியவர்கள் ஒருவரும் இல்லை. சம்பந்தியம்மாள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, மருமகள் தோளை இறுக்கிப் பிடித்தபடி, வழி முழுக்க அவளுக்கு மாவு பிசையும் பக்குவம் சொல்லிக்கொண்டே வந்தாள். ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்குப் படகு துறைமுகத்தில் கயிறு போட்டது. கரை முழுக்கச் சனம் நின்றது. எல்லோரும் இறங்கிக்கொண்டிருக்கும்போதே துறைமுக வாயிலுக்கு வெளியே கடல் கறுத்தது. கடைசி ரொட்டிக் கூடை மீன் ஏலக் கொட்டகைக்குள் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து பதினெட்டு.

பதிவு அலுவலகம் ஐந்துக்கே மூடிவிட்டதால் பதிவாளர் தம் பெரிய புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். மீன் நிறுக்கும் மேசையைத் துடைத்து அதன்மேல் புத்தகத்தைத் திறந்தார். பெண்ணின் கன்னத்தில் கிரீஸ் இருந்தது, மாப்பிள்ளையின் புருவத்தில் மாவு இருந்தது. அவர்கள் கையெழுத்துப் போட்ட நேரத்தில் வெளியே முதல் அலை தடுப்புச் சுவரைத் தாண்டி விழுந்து கொட்டகையின் கதவைத் தட்டியது. கல்யாணத்துக்கு வந்துவிட்டு உடனே கிளம்பலாமென்று நினைத்தவர்கள் எல்லோரும் உள்ளேயே இருக்க வேண்டியதாயிற்று. அதனால் அந்த ஊரில் அதுவரை நடந்த கல்யாணங்களில் கூட்டம் கடைசிவரை கலையாத கல்யாணம் அதுதான். பியானோவை இறக்கிக் கொண்டுவந்தார்கள். மீன் பொரித்தார்கள், ரொட்டி பிட்டார்கள். மலைக்காரர்களும் கரைக்காரர்களும் இரண்டு வெவ்வேறு பாட்டை ஒரே மெட்டில் பாடுவதைக் கண்டுபிடித்தார்கள், யார் யாரிடமிருந்து எடுத்தது என்று சண்டை பிடித்தார்கள், பிறகு இரண்டையும் சேர்த்துப் பாடினார்கள். மீனவர்களின் தலைவர் எழுந்து நின்று, இனிமேல் வெயில் சார் சொல்வதை அப்படியே நம்புவதென்று சங்கத்தில் தீர்மானம் போட்டிருப்பதாகவும், அவர் மறுபடி மாற்றுவதாக இருந்தால் தயவுசெய்து பத்து நாள் முன்னால் சொல்ல வேண்டுமென்றும் கேட்டுக்கொண்டார்.

ஆட்டத்துக்கு நடுவே மனைவி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. தலைமுடி கலைந்திருந்தது.

"நாளைக்கு எப்படிங்க?"

அவர் கொஞ்சம் திகைத்துப் போனார். "தெரியலையே," என்றார். "இன்னைக்கு நான் ஆபீஸ் போகலை."

அவள் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, அவரை எழுப்பி ஆட இழுத்துக்கொண்டு போனாள். அன்றைய மாலை ரேடியோவில், வானிலை அதிகாரி தம் மகளின் கல்யாணத்தில் இருப்பதால் நாளைக்கு என்ன என்று தெரியாது என்று வாசித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு நாளாகவே வந்து போனது. காலையில் தூறியது, மதியம் விட்டது, சாயங்காலம் வானவில் ஒன்று கொஞ்ச நேரம் இருந்தது. அதை அந்த ஊர்க்காரர்கள் பரிசு கிடைத்ததுபோல் பேசிக்கொண்டார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் நவம்பர் கடைசியில் அறை தொடங்கும், மார்ச் பாதியில் நிற்கும். தலைமை அலுவலகம், இவ்வளவு துல்லியம் எப்படி என்று விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதியது. அவர் ஒரே வரியில், அறையில் பெய்கிறது என்று பதில் எழுதினார். இரண்டு மாதம் கழித்து எல்லாக் கிளை அலுவலகங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை போனது: தங்கள் அறையில் பெய்வதுண்டா, உண்டு எனில் எந்தெந்த நாட்களில் என்று தெரிவிக்கவும். பதினான்கு அலுவலகங்கள் பதில் அனுப்பின. ஒன்பதில் இல்லை. மூன்றில் எப்போதாவது தூறுவதாகவும் மேலிடத்துக்குச் சொல்லக் கூச்சமாக இருந்ததாகவும் எழுதியிருந்தார்கள். ஒன்றில் வியாழக்கிழமைகளில் மட்டும் காற்று வீசியது. இன்னொன்றில் அறையில் எதுவும் இல்லை, ஆனால் தட்டச்சு செய்பவரின் கைப்பையில் இடி இடித்தது. இவை எல்லாம் அட்டவணையாகத் தொகுக்கப்பட்டு ஃபைலில் வைக்கப்பட்டன. இரண்டு மழைக்கோட்டும் ஒரு ரப்பர் விரிப்பும், துப்புரவு அம்மாளுக்கு உயரமான ஏணி ஒன்றும் அனுமதிக்கப்பட்டன.

குளிர்காலத்துச் சனிக்கிழமைகளில் அவர் மனைவி வேலையை முடித்துக்கொண்டு பிற்பகல் அந்த அறைக்கு வருவது வழக்கமாயிற்று. பட்டாணி உரிக்க ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு வருவாள், அலமாரியோரம் நாற்காலி போட்டு உட்காருவாள். அவள் பிறந்த ஊரின் நாளைய பனி அவள் தலையிலும் தோளிலும் மடியிலிருந்த கிண்ணத்திலும் விழும். அவள் தட்டிவிட்டுத் தட்டிவிட்டு உரிப்பாள். அவர் எதிர்ப்பக்கம் வாஷ்பேசினருகே குடைபிடித்துக்கொண்டு அலையின் உயரத்தை எழுதிக்கொண்டிருப்பார். இருவருக்கும் நடுவில் பள்ளத்தாக்கின் மூடுபனி படுத்திருக்கும். ஒரு சனிக்கிழமை அந்த மூடுபனி இடுப்பளவுக்கு எழும்பிவிட்டதால் இருவரும் ஒருவருக்கொருவர் சரியாகத் தெரியவில்லை.

"அங்க ஈரக் காத்துல உக்காந்துட்டு என்ன பண்றீங்க?" என்று அவள் குரல் மட்டும் வந்தது. "நாற்காலியைத் தூக்கிட்டு இங்க வாங்க. இங்க நல்லாப் பெய்யுது."

அவர் அலையின் உயரத்தை எழுதி முடித்தார், பேனாவை மூடிச் சட்டையில் சொருகினார், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மூடுபனிக்குள் இறங்கி அந்தப் பக்கம் போனார்.